பூட்டைக் கழற்றவும் திறப்பு வேண்டும்

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போனால் திறப்பு உள்ளே போகும், ஆனால் திரும்பாது. வெளியே இழுத்து, மீண்டும் போட்டு, மேலும் கீழும் அசைத்துக் கெஞ்சினால் மனமிரங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம் கார்களுக்கு வயது ஏறியதைப் போல அவற்றின் பூட்டுகளுக்கும் ஏறிவிட்டது. அசைத்து அசைத்தே மாதக்கணக்கில் ஓட்டுவோரிடம் சொல்ல ஒன்று உண்டு. திறப்பு நுழையும் அந்தப் பூட்டு உருளையைக் கழற்றுவதற்கும் திறப்பு ஒருமுறை திரும்பியாக வேண்டும். அறவே திரும்பாத நாள்வரை காத்திருந்தால் அரை மணி நேர வேலை துளைபோடும் வேலையாக மாறிவிடும்.

திறப்பு ஏன் திரும்ப மறுக்கிறது என்பதற்கு உருளையின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செவ்வகத் துவாரம். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங். திறப்பு இல்லாதபோது ஸ்பிரிங் தள்ளுவதால் தகட்டின் விளிம்பு உருளைக்கு வெளியே நீண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சரியான திறப்பு துவாரங்களின் வழியாகப் போகும்போது, அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவு நகர்த்தும். எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அது சுழலும். ஒரு தகடு நூலிழை மேலே நின்றாலும் தடை, கீழே நின்றாலும் தடை. எட்டுத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரங்கள் என்று வைத்தால் கணக்குப்படி 65,536 சேர்க்கைகள் கிடைக்கும்.

இந்தத் துல்லியம்தான் வினையும்கூட. பித்தளை மென்மையான உலோகம். ஆண்டுக்கணக்கில் நாளுக்குப் பலமுறை உரசினால் தகடும் தேயும், திறப்பின் மேடுகளும் தேயும். வெள்ளவத்தைக் கடலோரத்து உப்புக் காற்றும் தெருத் தூசியும் சேர்ந்தால் ஸ்பிரிங் சோம்பல்படும். அதற்குத் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றுவது நம் வீடுகளில் கைகண்ட வைத்தியம். இரண்டு வாரம் சுகமாகத் திரும்பும், பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி முன்பைவிட மோசமாகும். உலர்ந்த கிராபைட் தூள் அப்படி ஒட்டாது. தேய்ந்த திறப்பைக் கொடுத்துப் பிரதி வெட்டுவதும் வீண்தான், தேய்மானமும் சேர்த்தே பிரதியாகிறது. காரோடு வந்த திறப்பு எண் கைவசம் இருந்தால் அதைக் கொண்டு வெட்டிக்கொள்வதே சரி.

ஆனால் திறப்பு திரும்பாததெல்லாம் உருளையின் குற்றம் அல்ல. திறப்பை எடுத்ததும் ஒரு இரும்புத் தண்டு ஸ்டியரிங் கம்பத்துக்குள் பாய்ந்து அதைப் பூட்டுகிறது. சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டியபடி காரை நிறுத்தியிருந்தால், திரும்பத் துடிக்கும் ஸ்டியரிங் அந்தத் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்தபடி திறப்பைத் திருப்பினால் விட்டுவிடும். இதை அறியாமல், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய 'லொக் செட்' (பூட்டுத் தொகுதி) வாங்கி வந்தவர்கள் உண்டு.

உருளைக்குப் பின்னால் இருக்கும் மின் சுவிட்ச் தனிப் பொருள். உருளை அதைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும்; அதை இந்தச் சின்னச் சுவிட்ச் தாங்காது. அது சிறு மின்னோட்டத்தால் சொலினோயிட் என்ற மின்காந்தச் சுவிட்சுக்குச் செய்தி சொல்ல, பெரிய தொடுப்பை சொலினோயிட் மூடுகிறது. திறப்பு இலகுவாகத் திரும்பியும் ஒன்றும் நடக்காவிட்டால், பற்றரி நன்றாக இருக்கும் பட்சத்தில், சந்தேகப்பட வேண்டியது இந்த மின் பக்கத்தை. சுவிட்ச் சிறிது என்பதால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, சுவிட்சுக்குள் இருந்த ஒரு பிடிப்பு பலவீனமாக இருந்ததற்காக. ஓடும்போதே திறப்பு பின்னால் நழுவி எஞ்சின் நின்றது, காற்றுப்பைகளும் செயலிழந்தன. நட்டஈட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் 124. பழுது சரிசெய்யப்படும்வரை திறப்பு வளையத்தில் வேறெதையும் தொங்கவிட வேண்டாம் என்று நிறுவனம் சொன்னது. வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, வேல் படம் எல்லாவற்றையும் கொத்தாகத் தொங்கவிடும் நமக்கும் அது பொருந்தும்.

இனி மாற்றும் வேலை. முதலில் பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றிவிட்டு, காற்றுப்பையின் சேமிப்பு மின்சாரம் இறங்கச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் இணைப்புகளைத் தொடவே கூடாது. ஸ்டியரிங் கம்பத்தின் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்தால் பூட்டின் கூடு தெரியும். பல ஜப்பானியக் கார்களில் அதில் ஒரு சிறு துளை இருக்கும். திறப்பை 'ஏசிசி' (ACC, எஞ்சின் ஓடாமல் வானொலி போன்றவை இயங்கும்) நிலைக்குத் திருப்பினால்தான் உருளையைப் பிடித்திருக்கும் முளை அந்தத் துளைக்கு நேராக வரும். மெல்லிய கம்பியால் முளையை அமுக்கினால் உருளை கையோடு வந்துவிடும். திருடனுக்கு எதிராகப் போட்ட ஏற்பாடு இது. திறப்பு இல்லாதவனுக்கு முளை நேராக வராது. கூட்டை இறுக்கும் ஆணிகளின் தலைகள்கூடத் தொழிற்சாலையிலேயே முறித்துவிடப்படுவதால் திருகியும் கழற்ற முடியாது.

புதிய உருளையை அப்படியே போட்டால் கதவுக்கு ஒரு திறப்பு, எஞ்சினுக்கு இன்னொன்று என்றாகும். தகடுகளில் உயரத்தைக் குறிக்கும் எண் பொறித்திருப்பது வழக்கம். பழைய வரிசையைப் பார்த்து அதே எண்ணுள்ள புதிய தகடுகளை அடுக்கினால் ஒரே திறப்பு போதும். இம்மொபிலைசர் எனும் மின்னணுத் திருட்டுத் தடுப்பு உள்ள கார்களில் பழைய திறப்பையே வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. திறப்பின் தலையில் பற்றரியே இல்லாத ஒரு சிப் இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்குச் சக்தி கொடுக்க, அது தன் அடையாளத்தைச் சொல்லும். காரின் கணினிக்கு அறிமுகமில்லாத சிப் என்றால், உருளை அழகாகத் திரும்பினாலும் எஞ்சின் ஓடாது. எனவே பழைய சிப்பை எறிந்துவிட வேண்டாம். கம்பிச்சுருளையும் உடையாமல் எடுத்துப் புதிய உருளையில் பொருத்த வேண்டும்.

உறைகளை மூடுமுன் காரை நிறுத்திய இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும் நிலையில் திறப்பு வெளியே வரக் கூடாது. வெளியே எடுத்தபின் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ள வேண்டும். மறுபடி திறக்கும்போது தண்டு முழுமையாக விலக வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் சிறு இழுபறி இருந்தாலும் காரைத் தெருவில் இறக்காமல் பூட்டு வேலை தெரிந்தவரை வீட்டுக்கே அழையுங்கள்.