லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ்: விர்ச்சுவல் மெஷின் எப்படி ஓடுகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் வேண்டும், ப்ராசஸரும் ஏறத்தாழ 2018-க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் காயலான் கடையில் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். மின்ட்டோ உபுண்டுவோ போட்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், தமிழ்99 எல்லாம் அமைந்த பிறகும் ஒன்றிரண்டு சாமான்கள் மட்டும் வழிக்கு வராமல் நிற்கும். கணக்கருக்கு டேலி. அச்சகக்காரருக்குப் பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளும். ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையெழுத்து போடும் யுஎஸ்பி டோக்கன்.

விண்டோஸ் புரோகிராம் கேட்கும் வசதிகளை லினக்ஸ் வசதிகளாக மாற்றிக் கொடுக்கும் வைன் சிலவற்றுக்குப் போதும். போதாத இடத்தில் விர்ச்சுவல் மெஷின்தான். லினக்ஸ் திரையில் ஒரு சன்னல் திறக்கும், அதற்குள் முழு விண்டோஸ் ஓடும்.

அதை ஓட்டும் கருவிகள் பல. உடனே வரும் கேள்வி: “விர்ச்சுவல் பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம், இதில் எது வேகம்?” ப்ராசஸர் வேகத்தை மட்டும் வைத்துக் கேட்டால், மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. ஏன் ஒன்று என்று பார்த்தால், எங்கே வேறுபடுகின்றன என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸின் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மென்பொருள் வாங்கிப் படித்து, பெயர்த்து, லினக்ஸிடம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியும் ஓட்டலாம். ஃபாப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட கியூஎமு, ஒரு வகை ப்ராசஸருக்கான கட்டளைகளை இன்னொரு வகைக்கு மாற்றி ஓட்டும். ஏஆர்எம் சிப்புக்கான நிரலை இன்டெல் மெஷினில் ஓட்ட அது வேண்டும். ஆனால் பல மடங்கு மெதுவாகும். நம் விஷயத்தில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே எக்ஸ்86 ப்ராசஸருக்கு எழுதப்பட்டவை. டேலி இரண்டு எண்களைக் கூட்டினால், அந்தக் கூட்டலை ப்ராசஸர் நேராகவே செய்துவிடலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

சிக்கல் வேறு வகைக் கட்டளைகளில். நினைவகத்தைப் பங்கிடும் பட்டியலை மாற்றுவது, இன்டரப்ட்டை (நடக்கும் வேலையை நிறுத்தி ப்ராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞையை) அணைப்பது, சாதனங்களோடு பேசுவது ஆகியவை மொத்த மெஷினையும் பாதிக்கும். இதற்காகத்தான் ப்ராசஸரில் ‘ரிங்’ என்னும் அதிகார நிலைகள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ரிங் 0-இல், சாதாரண நிரல்கள் ரிங் 3-இல். ரிங் 3-இல் உள்ள நிரல் இப்படிப்பட்ட கட்டளையில் கை வைத்தால் ப்ராசஸர் அங்கேயே நிறுத்திவிட்டுக் கர்னலைக் கூப்பிடும். இப்போது லினக்ஸ் கர்னல் ரிங் 0-இல் இருக்கிறது. உள்ளே வரும் விண்டோஸ் கர்னலும் ரிங் 0 தனக்கே என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

இதே பிரச்சினையை ஐபிஎம் எப்போதோ தீர்த்திருந்தது. 1972-இல் அறிவித்த விஎம்/370-இல், கெஸ்ட்டாக, அதாவது உள்ளே விருந்தாளியாக, வரும் இயங்குதளத்தை அதிகாரம் குறைந்த நிலையில் ஓட விட்டார்கள். அது அதிகாரக் கட்டளையைத் தொட்டதும் ப்ராசஸர் நிறுத்தும். விர்ச்சுவல் மெஷின்களை மேய்க்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் எட்டிப் பார்த்து, கேட்டது நடந்துவிட்டதாக அந்தப் போலி மெஷினின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, மறுபடி ஓட விடும். ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் 1974-இல் இதற்கு ஒரு விதியே வகுத்தார்கள்: மெஷினின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையையும் அதிகாரமில்லாதவர் செய்தால், அது கட்டாயம் நின்று புகார் சொல்ல வேண்டும்.

எக்ஸ்86 இந்த விதியில் தோற்றது. 2000-இல் வந்த ஓர் ஆய்வு, பென்டியத்தில் சத்தமில்லாமல் நழுவும் 17 கட்டளைகளைப் பட்டியலிட்டது. ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். ‘பாப்எஃப்’ என்ற கட்டளை, நினைவகத்தில் ‘ஸ்டாக்’ என்னும் அடுக்கிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, ப்ராசஸரின் நிலையைக் குறிக்கும் கொடிகளில் வைக்கும். அந்தக் கொடிகளில் ஒன்று, இன்டரப்ட் உள்ளே வரலாமா கூடாதா என்று சொல்வது. ரிங் 0-இல் செய்தால் கொடி மாறும். அதிகாரம் குறைந்த ரிங்கில் செய்தால் பிழை என்று நின்றிருக்க வேண்டும், பாப்எஃப் நிற்காது. அந்த ஒரு கொடியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த கட்டளைக்குப் போய்விடும். கெஸ்ட் கர்னலோ இன்டரப்ட்டை அணைத்தாயிற்று என்று நம்பி, தன் முக்கியமான பட்டியல் ஒன்றைத் திருத்த ஆரம்பிக்கும். ஹைப்பர்வைசருக்குத் தகவலே வரவில்லை. அதன் கணக்கில் கதவு இன்னும் திறந்திருக்கிறது. பாதித் திருத்தத்தில் டைமர் இன்டரப்ட்டை உள்ளே அனுப்பும். அப்புறம் நீலத் திரைதான்.

விஎம்வேர் 1999-இல் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. கெஸ்ட் கர்னலின் நிரலை, ஓடுவதற்குச் சற்று முன் துண்டு துண்டாகப் பார்த்து, வில்லங்கமான கட்டளைகளை வேறாக மாற்றி எழுதிவிடும். கேம்பிரிட்ஜில் பிறந்த ஸென் 2003-இல் கெஸ்ட் கர்னலையே திருத்திக்கொள்ளச் சொன்னது. லினக்ஸைத் திருத்தலாம், மூலநிரல் கையில் இல்லாத விண்டோஸை வெளியார் எப்படித் திருத்துவது?

கடைசியில் சிப் செய்பவர்களே இறங்கி வந்தார்கள். 2005 இறுதியில் இன்டெல் விடி-எக்ஸ், 2006-இல் ஏஎம்டி-வி. ப்ராசஸருக்கு இரண்டு முறைகள் வந்தன, ஹோஸ்ட்டுக்கு (வெளியே இருக்கும் இயங்குதளத்துக்கு) ஒன்று, கெஸ்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ரிங் 0 முதல் 3 வரை முழுதாக உண்டு. விண்டோஸ் கர்னல் தன் ரிங் 0-இல் தாராளமாக உட்காரலாம். எந்தெந்தச் செயலுக்கு அதை நிறுத்த வேண்டும் என்று ஹைப்பர்வைசர் முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்துவிடும். டிரைவிங் ஸ்கூல் காரைப்போல: ஸ்டியரிங் கற்றுக்கொள்பவர் கையில், பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியில் இன்னொரு பிரேக்.

அந்த பிரேக்குக்கு ‘விஎம் எக்ஸிட்’ என்று பெயர். ஒரு தடவை நின்று, காரணத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே போக ப்ராசஸருக்கு ஆயிரம் சுழற்சிகளுக்குக் குறையாமல் ஆகலாம். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் நொடிக்கு 300 கோடி சுழற்சி சுற்றுகிறது என்பதால் எப்போதாவது நடந்தால் பரவாயில்லை. ஓயாமல் நடந்தால் மெஷின் தவழும். தொடக்க காலத்தில் அப்படித்தான் ஆனது, நினைவகப் பட்டியலை கெஸ்ட் திருத்தும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்ததால். ஏஎம்டி 2007-இலும் இன்டெல் 2008-இலும் இதற்கு இரட்டைப் பட்டியலைச் சிப்பிலேயே வைத்தன. கெஸ்ட்டின் முகவரியை அதன் பட்டியல் ஒருமுறை மாற்றும். ஹோஸ்ட்டின் பட்டியல் இன்னொரு முறை மாற்றும். மோசமான நிலையில் ஒரு முகவரியைத் தேட 24 தடவை நினைவகத்தைத் தொட வேண்டிவரும். பெரும்பாலும் முன்பு தேடிய விடை ப்ராசஸரிலேயே சேமித்து வைத்திருக்கும் என்பதால் இது வலிப்பதில்லை.

இன்று எந்தக் கருவியை எடுத்தாலும் இந்த வசதிகளின் மேல்தான் ஓடுகிறது. 2019 இறுதியில் வந்த 6.1 பதிப்போடு, மென்பொருளாலேயே சமாளிக்கும் பழைய வழியை விர்ச்சுவல் பாக்ஸ் கைவிட்டது. அதனால் முதல் வேலை, மெஷின் கிளம்பும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸில் விடி-எக்ஸ் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஏஎம்டி மெஷின்களில் ‘எஸ்விஎம்’ என்ற பெயரில் இருக்கும். பல லேப்டாப்புகளில் இது அணைந்தே வரும்.

வேறுபாடு தொடங்குவது, ஹைப்பர்வைசர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில். கும்ராநெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்போடு லினக்ஸ் கர்னலின் பகுதியே ஆகிவிட்டது. தனியாக நிறுவ வேண்டியதில்லை. ‘டெவ்’ அடைவுக்குள் ‘கேவிஎம்’ என்றொரு கோப்பு தெரிந்தால் தயார். கியூஎமு அந்தக் கோப்பைத் திறந்து, இவ்வளவு நினைவகம், இத்தனை ப்ராசஸர் என்று கேட்கும். மொழிமாற்று வேலையை விட்டுவிட்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு, யுஎஸ்பி போன்ற சாதனங்களாக வேஷம் கட்டுவது மட்டும் இங்கே அதன் பங்கு. லினக்ஸின் பார்வையில் அந்த விண்டோஸ் மொத்தமும் ஒரு ப்ராசஸ், அதன் ஒவ்வொரு ப்ராசஸரும் அதற்குள் ஓடும் ஒரு திரெட் (வேலை இழை). பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு வரியாக நிற்கும், தொங்கினால் கொன்றுவிடலாம்.

விர்ச்சுவல் பாக்ஸும் விஎம்வேரும் தங்கள் மாட்யூல்களை (கர்னலோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்களை) வெளியிலிருந்து கொண்டுவந்து கர்னலில் ஏற்றுகின்றன. கர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பெரும்பாலும் தானாக நடக்கும். நடக்காத நாளில் காலையில் வேலை நிற்கும். கையெழுத்தில்லாத நிரலை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் மாட்யூலுக்குக் கையெழுத்துச் சாவி வேறு பதிய வேண்டும். 2024-இல் வந்த 6.12 கர்னலில் கேவிஎம் ஏறிய உடனேயே விடி-எக்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும், விர்ச்சுவல் பாக்ஸ் பலருக்கு ‘வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்துகிறது’ என்று நின்றுபோனது. இந்த ஒரு காரணத்துக்காகவே லினக்ஸை ஹோஸ்ட்டாக வைத்திருப்பவர்களுக்குக் கேவிஎம்மைச் சொல்வேன்.

அடுத்தது சாதனங்கள். உண்மையில் வேகம் தொலைவது இங்கேதான். கெஸ்ட்டுக்கு ஒரு பழைய டிஸ்க் கன்ட்ரோலரைப் போலக் காட்டினால், விண்டோஸ் அதன் ரிஜிஸ்டர்களில் ஒவ்வொன்றாக எழுதும். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு எக்ஸிட். இல்லாத வன்பொருளுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்ஐஓ இந்த நாடகத்தை விட்டுவிடுகிறது. தான் இருப்பது விர்ச்சுவல் மெஷின் என்று கெஸ்ட்டின் டிரைவருக்கே தெரியும். இரு தரப்புக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வளைய வரிசை இருக்கும். இந்த இடத்தில் தரவு, இவ்வளவு நீளம், டிஸ்க்கில் இங்கே எழுது என்று கெஸ்ட் அதில் வேண்டுகோள்களை அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தட்டு தட்டும். பத்து வேண்டுகோளுக்கும் ஒரு எக்ஸிட் போதும்.

லினக்ஸ் கெஸ்ட்டில் இந்த டிரைவர் கர்னலிலேயே உண்டு. விண்டோஸில் கிடையாது, புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவதும் இதில்தான். விர்ட்ஐஓ டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் நிறுவப் போனால், எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை வெறுமையாக நிற்கும். டிஸ்க் கெட்டுவிடவில்லை, விண்டோஸுக்கு அது தெரியவில்லை. ‘விர்ட்ஐஓ-வின்’ என்ற ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாக மாட்டி, அதே திரையில் ‘லோட் டிரைவர்’ அழுத்தினால் டிஸ்க் தோன்றும்.

கிராஃபிக்ஸில் கேவிஎம் பலவீனம். விண்டோஸ் கெஸ்ட்டுக்கு முப்பரிமாண முடுக்கம் அதில் சரியாக வாய்க்கவில்லை. இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதை அப்படியே கெஸ்ட்டிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அது தனிப் பொழுதுபோக்கு. கேட் (CAD) என்னும் வடிவமைப்பு மென்பொருள் போன்றவற்றுக்கு விஎம்வேர் மேல். பிராட்காம் வாங்கிய பிறகு 2024 நவம்பரில் வொர்க்ஸ்டேஷன் புரோ எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது.

மற்றபடி கணக்கு, அச்சு, பழைய கோப்பு என்றால் விர்ட்-மேனேஜர் போதும். அது கேவிஎம்முக்கும் கியூஎமுவுக்கும் ஒரு முகப்பு. க்னோம் பாக்ஸஸ் இன்னும் எளிது, ஆனால் உள்ளே கை வைக்க இடம் கொடுக்காது. பத்து நிமிடம் ஒரு புது லினக்ஸை ஓட்டிப் பார்க்கத்தான் அதைத் திறப்பேன். விர்ச்சுவல் பாக்ஸ், அதே மெஷின் கோப்பை விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறி மாறி ஓட்ட வேண்டியவர்களுக்கு.

டோக்கனுக்கு, விர்ட்-மேனேஜரில் ‘யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ்’ சேர்த்தால், லினக்ஸ் அதை விட்டுவிட்டு விண்டோஸிடம் கொடுத்துவிடும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம்மையும் மென்பொருளாலேயே காட்டலாம். ஆனால் ப்ராசஸர் வகையை அது தனியாகப் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்த வன்பொருளோடு கட்டுண்டது. கெஸ்ட்டுக்குத் தனி உரிமம் வேண்டியிருக்கும். பழைய விண்டோஸ் 10-ஐயே உள்ளே வைத்தால், அதன் நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிடுங்கள். இணைய வேலைக்கு லினக்ஸ் இருக்கிறது.

ரேம் 8 ஜிபி என்றால் கெஸ்ட்டுக்கு 4 கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் இரண்டும் மூச்சுத் திணறும். டிஸ்க்கைக் கியூகவ்2 வடிவத்தில் 64 ஜிபி என்று வைத்தாலும், உள்ளே எழுதிய அளவுக்குத்தான் உண்மையான டிஸ்க்கில் இடம் எடுக்கும். அந்தக் கணத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தால் பழைய துண்டுகளைத் தொடாமல், மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதும். அதனால் நொடியில் முடிகிறது, நொடியில் பின்னோக்கியும் போகலாம். அப்படிப் போனால் போன வாரம் டேலியில் போட்ட வவுச்சர்களும் சேர்ந்தே போய்விடும். டேலியின் டேட்டா அடைவை லினக்ஸ் பக்கத்தில் ஒரு பகிர்வு அடைவாகவோ, ஸ்னாப்ஷாட்டில் சேராத இரண்டாவது டிஸ்க்காகவோ வைத்துவிட்டு, அதன் பிறகு ஸ்னாப்ஷாட் எடுங்கள்.