விநியோகச் சங்கிலியா, வரத்துத் தொடரா?

ஓட்டல்காரர்களுக்கான கையேடு, மேடைப் பேச்சு என்று எதை எடுத்தாலும் ‘சஸ்டெய்னபிள் சப்ளை செயின்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘நிலையான விநியோகச் சங்கிலி’ வந்துவிடுகிறது. போன வாரம் வேலூரில் ஒரு கூட்டத்திலும் அதேதான். அரிசி, காய், இறைச்சி, எண்ணெய் எல்லாம் மண்ணையும் நீரையும் கெடுக்காமல் விளைந்து, வீணாகாமல் ஓட்டலுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் கருத்து. சொல்லில் அது இல்லை.

சஸ்டெய்ன் லத்தீன் வழி வந்தது. கீழிருந்து தாங்குவது என்று பொருள். இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறைக்குக் குறை வைக்காதிருப்பது என்ற பொருள் 1987இல் ஐ.நா. ஆணையம் வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கையால் பரவியது.

நிலையான விலை என்றால் ஏறாத, இறங்காத விலை. மதனப்பள்ளித் தக்காளி லாரி ஒரு நாளும் தவறாமல் வந்தால் ஓட்டல் முதலாளிக்கு அதுவே நிலையான சப்ளை. எவ்வளவு டீசல் எரிந்தது, எவ்வளவு மருந்து அடித்தார்கள் என்ற கேள்வியே எழாது. ‘வளங்குன்றா’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே! இலங்கையில் வழங்கும் ‘பேண்தகு’வும் நல்ல சொல்தான். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில்தான், 1996இல், உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. இந்த ஊரிலேயே அதை மழுப்பலாகச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் ‘விநியோகம்’. வடசொல் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, திசை. ரேஷன் விநியோகம், குடிநீர் விநியோகம் எல்லாம் இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பது. ஓட்டலுக்கோ பொருள் உள்ளே வர வேண்டும். ‘வழங்கல்’ என்று மாற்றினாலும் அதே கோளாறு. நம் ஓட்டல்களில் சப்ளையர் என்றால் பரிமாறுபவர். அந்த இடத்தில் வழங்கல் என்றால் சாம்பார் வாளிதான் நினைவுக்கு வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைப் பறிப்பவர் நினைவுக்கு வரமாட்டார். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கேளுங்கள்: “இன்னைக்கு கத்திரிக்கா வரத்து கம்மி” என்பார்கள். அணைக்கு நீர்வரத்து என்று நாளிதழும் எழுதுகிறது. வரத்து என்பதில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது.

சங்கிலிக்கும் ‘தொடர்’ போதும். புறநானூறு 74ஆம் பாட்டில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்றால் சங்கிலியால் கட்டிய நாய்.

ஆக, வளங்குன்றா வரத்துத் தொடர். இதைவிட நல்ல சொல் இருந்தால் சரி, ஏற்கிறேன். ஆனால் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அடுத்த கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் ஓட்டலில் சரக்கு வாங்குகிற ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்கட்டும்.