17 வாரத்தில் ரக்பி ஆடினாராம், எனக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி?

போன மாதம் வந்த ஒரு பெண், பிரசவமாகி ஐந்து மாதம், உட்கார்ந்ததும் பிரச்சினையைச் சொல்லாமல் போனை நீட்டினார். இங்கிலாந்தின் வெள்ளை ஜெர்சியில் ஒரு ரக்பி வீராங்கனை, குழந்தை பிறந்து 17 வாரத்தில் மறுபடி ஆடியவர் என்று கீழே இரண்டு வரி. "இவங்களால முடியுது மேடம், நான் தும்மினாலே..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சிறுநீர் கசிந்துவிடுகிறது என்கிற மீதியை நான் கேட்கத் தேவையில்லை. பெண்களுக்கான பிசியோதெரபி பார்க்கிறவள் நான், அந்த அரை வாக்கியம் வாரத்துக்கு நாலு தடவையாவது காதில் விழும்.

படத்தில் இருந்தவர் அபி வார்ட். 2015 முதல் இங்கிலாந்துக்கு ஆடுகிறவர். லாக் என்கிற இரண்டாவது வரிசை ஆட்டக்காரர். ஸ்க்ரம்மில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் முட்டிக்கொண்டு தள்ளும்போது, முன்னால் நிற்பவர்களின் இடுப்புக்கு நடுவே தலையைக் கொடுத்து மொத்த உடம்பாலும் உந்துவது இவர் வேலை. எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை மறுபடி உள்ளே எறியும் லைன் அவுட்டில் இரண்டு பேர் இவரை அப்படியே மேலே தூக்குவார்கள், பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆட்டத்தின் விதிகள் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் அந்தத் தள்ளலைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்றுதான் மனசு கணக்குப் போடும். அதைக் கீழே இருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். இடுப்பின் முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரைக்கும் தூளித் துணி மாதிரி விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் ஏந்திக்கொண்டிருக்கும். பத்து மாதம் சுமந்து, சுகப்பிரசவம் என்றால் இன்னும் இழுபட்டுத் தொய்ந்த துணி அது. சிசேரியன்தானே, எனக்கு வராது என்று நினைக்க வேண்டாம், சுமந்த பாரம் பாரம்தான்.

சரி, அவரால் எப்படி முடிந்தது? மன உறுதி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். இங்கிலாந்து மகளிர் ரக்பியில் முழுநேரச் சம்பள ஒப்பந்தம் வந்ததே 2019 ஜனவரியில்தான். மகப்பேறு விடுப்புக் கொள்கையை இங்கிலாந்து ரக்பி சங்கம் அறிவித்தது 2023 பிப்ரவரியில்: 26 வாரம் முழுச் சம்பளம். அப்போது கர்ப்பமாக இருந்த வார்ட்தான் அதை முதலில் பயன்படுத்தியவர், ஜூலையில் குழந்தை. கர்ப்ப காலத்திலும் உடற்பயிற்சியை விடவில்லை, பக்கத்திலேயே உடற்பயிற்சி நிபுணர்கள் இருந்தார்கள். அவர் ஆடும் கிளப்பான பிரிஸ்டல் பேர்ஸ் பெண்கள் அணியில் அப்போது அவருடைய தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வேறு யாரும் இல்லை, கணவர்தான்! எல்லோரும் 17-ஐப் பகிர்கிறார்கள், எனக்கு அந்த 26-தான் செய்தி. சம்பளத்துக்குக் கவலை இல்லாமல் உடம்பு தயார் என்று பார்த்து 17-ல் வருவது வேறு, சம்பளம் போய்விடுமே என்று பயந்து வருவது வேறு. நம் நாட்டுச் சட்டத்திலும் 2017 முதல் அதே 26 வாரம்தான் இருக்கிறது. ஆனால் போனை நீட்டிய பெண் பீஸ் கணக்கில் தைக்கிறவர், ஆறாவது வாரமே மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சட்டம் அவர் வீட்டு வாசல்வரை வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்காவது சிறுநீர்க் கசிவு இருக்கும், அதனாலேயே 'எல்லாருக்கும் உள்ளதுதான்' என்று அம்மா, மாமியார், சில சமயம் மருத்துவர்களும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எல்லாருக்கும் வருவது என்பதால் அப்படியே விட்டுவிட வேண்டியது என்று ஆகிவிடாது. இந்தப் பெண் பஸ்ஸில் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். கருப்புப் புடவை தவிர வேறு கட்டி மூன்று மாதம் ஆகிறதாம். வயிறு சுருங்கட்டும் என்று துணியை வேறு இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படி இறுக்கினால் அழுத்தம் கீழேதானே போகும்?

முதல் நாள் தசையைக் கண்டுபிடிப்பதே வேலை. காற்றுப் பிரிவதை அடக்குகிற மாதிரி இறுக்கி மேலே இழுங்கள் என்றால் பத்தில் ஆறு பேர் புட்டத்தை இறுக்குவார்கள், அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குவார்கள். முக்கினால் இருக்கிற பிரச்சினை கூடும். ஒரு தடவைக்கு எட்டு இறுக்கம், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். குடமோ குழந்தையோ தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

ஓட்டமெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் நான் பார்ப்பது: அரை மணி நேரம் நடக்க முடிகிறதா, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட முடிகிறதா, ஒவ்வொரு காலிலும் பத்துமுறை குதிக்க முடிகிறதா, இவ்வளவும் கசிவோ வலியோ அடியில் ஏதோ கனக்கிற உணர்வோ இல்லாமல். கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருந்தால், அல்லது மலம் அடக்க முடியவில்லை என்றால், பயிற்சி அப்புறம், முதலில் மகப்பேறு மருத்துவர்.

ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 சிக்ஸ் நேஷன்ஸ் போட்டிகளில் வார்ட் மறுபடி இங்கிலாந்துக்கு ஆடினார். 2025 செப்டம்பர் 27 அன்று லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 81,885 பேர் பார்க்க, கனடாவை 33-13 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய அணியிலும் இருந்தார். அதாவது பிரசவமாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

நேற்று மூன்றாவது தடவை வந்தார். இன்னும் குதிக்கச் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இளநீர் குடித்ததாகச் சொன்னார், முழுசாக.