ட்ரோமான்னா அதிர்ச்சி இல்ல, காயம்

போன மாசம் மட்டும் மூணு துண்டுப்பிரசுரம் கைக்கு வந்துச்சு, மூணுலயும் மனநலத்துல சொல்ற 'ட்ரோமா'ங்குற சொல்லுக்கு அதே 'அதிர்ச்சி'. ஒண்ணுல 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு', இன்னொண்ணுல 'அதிர்ச்சி ஆலோசனை', மூணாவது இருக்கே அதுதான் எனக்குப் பொறுக்கல, 'இலவச அதிர்ச்சி சிகிச்சை முகாம், அனைவரும் வருக'. மண்சரிவு நடந்த ஒரு தேயிலைத் தோட்டத்துல கோயில் மண்டபத்து சுவத்துல ஒட்டியிருந்தாங்க. நான் இலங்கையில பதுளைப் பக்கம் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங் வேலை செய்றவ. அந்த முகாமுக்கு ரெண்டே ரெண்டு பேர்தான் வந்தாங்க. என்னன்னு கேக்க தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்குப் போனா, முன்திண்ணை இஸ்தோப்புல கொழுந்துச் சாக்கு தைச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியம்மா தலைய நிமித்தாமலே கேட்டாங்க, "ஏன் புள்ள, தலையில கரண்டு வைக்கவா கூப்புடுறீங்க?"

அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. கரண்டு அடிச்சா மின் அதிர்ச்சி, ஒருத்தர திடீர்னு உலுக்கி வழிக்குக் கொண்டு வந்தா அதிர்ச்சி வைத்தியம், அப்ப 'அதிர்ச்சி சிகிச்சை'ன்னு எழுதினா தமிழ் தெரிஞ்சவங்க வேற என்னன்னு படிப்பாங்க?

சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ட்ரோமா கிரேக்கச் சொல், அர்த்தம் காயம், அவ்வளவுதான். சத்திரசிகிச்சை டாக்டர்மார் இன்னைக்கும் உடம்புல படுற காயத்துக்குத்தான் அதச் சொல்றாங்க. 1866ல லண்டன்ல ஜான் எரிக்சன்ங்குற சத்திரசிகிச்சை நிபுணர் ரயில் விபத்துல தப்பினவங்களுக்குப் பிறகு வந்த கோளாறுகள முதுகுத்தண்டுல பட்ட அடின்னு விளக்கினார், 1889ல ஜெர்மனியில ஹெர்மன் ஓப்பன்ஹைம் அந்தக் காயச் சொல்லையே நரம்புக் கோளாறுக்கும் கொண்டு வந்தார், அப்பிடியே அது மனசுக்கும் வந்து சேந்துச்சு. 1980ல அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தோட நோய்ப் பட்டியல்ல பி.டி.எஸ்.டி. ஏறுச்சு, அதத்தான் துண்டுப்பிரசுரத்துல 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு'ன்னு போட்டிருந்தாங்க.

அப்ப அதிர்ச்சி எங்கேருந்து வந்துச்சு? முதலாம் உலகப்போர்ல 'ஷெல் ஷாக்'னு ஒரு பேர் இருந்துச்சு, 1915ல சார்ள்ஸ் மையர்ஸ் அத மருத்துவ இதழ்ல எழுதினார், ஷெல் வெடிச்ச அதிர்வுதான் காரணம்னு அப்ப ஒரு எண்ணம். ஷெல் விழுந்த பக்கமே போகாத சிப்பாய்களுக்கும் அதே கோளாறு வந்தத பாத்து, இது பொருந்தாத பேருன்னு மையர்ஸே பிறகு சொன்னார். அங்க கைவிட்ட எண்ணத்த நாங்க இன்னும் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

தமிழ்லயே பாத்தாலும் சரிவரல. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்'னு தொல்காப்பியம் சொல்லுது. அதிர்வுன்னா நடுக்கம். நடுக்கம் காயம் பட்டதோட அடையாளம், அதுவே காயம் இல்ல. அதிர்ச்சி அந்த நேரத்தோட சரி, நிலம் அதிர்ந்தா நின்னுரும். ஆனா பி.டி.எஸ்.டி.ன்னு ஒரு டாக்டர் முடிவு பண்ண அறிகுறிகள் ஒரு மாசத்துக்கு மேல இருக்கணும். சம்பவத்தன்னைக்கு கொஞ்சமும் ஆடாம மண்ண வெட்டி ஆளுகளத் தூக்கினவர், முகாம்ல நூறு பேருக்கு சோறு வடிச்சவங்க, இவங்களுக்கும் ஆறு மாசம் கழிச்சு வரலாம். "எனக்கு அதிர்ச்சி எல்லாம் இல்லைங்க, நான் அன்னைக்கு தைரியமாத்தான் இருந்தேன்"னு சொல்லிட்டு கிளினிக்குக்கு வராம இருந்தவங்கள எனக்குத் தெரியும், சொல்லு அவங்களத் தடுத்துருச்சு.

அந்தப் பெரியம்மாவும் அப்பிடித்தான். அழல, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போறாங்க, கொழுந்து எடுக்குறாங்க. ஆனா ராத்திரி தகரத்துல மழை சத்தம் கேட்டுச்சுன்னா எந்திரிச்சு பேரப்புள்ளைகள எழுப்பி, ஐடென்டி கார்டும் பேங்க் புத்தகமும் கட்டின பைய மடியில வச்சுக்கிட்டு விடியுற வரைக்கும் உக்காந்திருக்காங்க. "முடிஞ்சு போச்சுன்னு தெரியுது புள்ள, ஆனா மழை பேஞ்சா மண்ணு வருது" அப்பிடின்னாங்க. வருதுன்னு சொன்னாங்க, வந்துச்சுன்னு இல்ல. பழசு பழசா போகாம இப்ப நடக்குற மாதிரி வந்து நிக்குதே, அதுதான் இந்த நோயோட நடு மையம். பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 காலையில மண்ணு வந்து லயங்கள மூடினதுக்குப் பிறகு மலையகத்துல எத்தனையோ வீட்டுல மழைங்குறது வெறும் மழையா இல்ல.

அடுத்தது 'மன அழுத்தம்'. தமிழ்நாட்டுப் பத்திரிகையில இத ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுறாங்க, டிப்ரஷனுக்கும் போடுறாங்க, ரெண்டும் வேற வேற விஷயம், வைத்தியமும் வேற. நமக்கு இலங்கையில டிப்ரஷனுக்கு மனச்சோர்வுன்னு ஒண்ணும் ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடுன்னு ஒண்ணும் தெளிவா பிரிஞ்சு இருக்கு, நெருக்கீடு அருமையான சொல், நாலு பக்கமும் வந்து நெருக்குறது. ஒரு காம்பராவுல எட்டுப் பேர் இருக்குற வீட்டுல அதுக்கு விளக்கமே தேவையில்ல. கையில இருக்குறத விட்டுட்டு குழப்பமான சொல்ல ஏன் எடுத்து எழுதணும்?

சிலபேர் மொழிபெயர்க்க வேணாம், ட்ரோமான்னே எழுதுங்கங்குறாங்க. சரி, ஆனா பாதிப் பேர் அத 'ட்ராமா'ன்னு எழுதுறாங்க, அத நம்ம சனம் நாடகம்னுதான் படிக்கும். 'ட்ராமா போடுறா'ன்னா நடிக்கிறான்னு அர்த்தம். ஏற்கெனவே நடிக்கிறான்னு ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்குற புள்ளைக்கு சீட்டுலயும் ட்ராமான்னு எழுதிக் குடுத்தா எப்பிடி இருக்கும்?

வடக்குல உளநலத்துறையில எழுதுறவங்க 'மனவடு'ன்னு எழுதுறாங்க. அதிர்ச்சிய விட ஆயிரம் மடங்கு மேல், அதுல யோசிச்ச தமிழ் இருக்கு, அதுமேல எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் எடுக்க மாட்டேன். வடுன்னா ஆறினதுக்குப் பிறகு நிக்குற தழும்பு, மருந்து போடுற இடம் இல்ல. வள்ளுவர் தீயினால சுட்ட புண் உள்ள ஆறிடும், நாவினால சுட்ட வடு ஆறாதுன்னு பிரிச்சு வச்சிருக்கார், அந்தக் குறள் எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம். அப்ப மனவடுன்னு கேட்டதும் ஆறாதுன்னுதானே மனசு எடுக்கும்? போதாக்குறைக்கு வடுன்னா குற்றம்னும் பொருள் இருக்கு, 'வடுவன்று வேந்தன் தொழில்'. தானே குத்தம்னு நினைச்சுக்கிட்டு, புள்ள கைய நான்தான் விட்டுட்டேன்னு புலம்புற தாய்கிட்ட அந்தச் சொல்லக் குடுக்க எனக்கு மனசு வரல.

அதனால நான் எழுதுறது உளக்காயம். மனக்காயம்னு எழுதலாம், ஆனா அது ஒருத்தர் சுடுசொல் சொல்லி மனசு நொந்ததுக்கே போயிருது, அதுக்குத்தான் 'உள'. பி.டி.எஸ்.டி.க்கு உளக்காயப் பின்நெருக்கீடு. பேசும்போது "மனசுல பட்ட காயம்"னு சொன்னாலே போதும்.

காயம்னு சொன்னா வைத்தியத்த விளக்குறதும் லேசாகுது. நாட்பட்ட காயத்த சும்மா மூடிக்கட்டினா உள்ளுக்குள்ள சீழ் வைக்கும், மெதுவா திறந்து கழுவணும், இது டிஸ்பென்சரிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். பயிற்சி பெற்றவரோட உக்காந்து நடந்தத ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒழுங்கா சொல்லிப் பாக்குறது, விலகி ஓடுற இடத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போறது, 'என் தப்பு'ங்குற நினைப்ப எடுத்து வச்சு ஆராயுறது, இதெல்லாம்தான் இன்னைக்கு நிரூபிச்ச சிகிச்சை, கண்ண அசைச்சபடி நினைவ எடுக்குற ஈ.எம்.டி.ஆரும் உண்டு. தேவைன்னா செர்ட்ரலின் மாதிரி மருந்தும் டாக்டர் குடுப்பார். ஆனா பச்சைக் காயத்த நோண்டக் கூடாது. சம்பவம் நடந்த மறுநாளே மண்டபத்துல எல்லாரையும் உக்கார வச்சு "என்ன நடந்துச்சு சொல்லுங்க"ன்னு கிண்டுறது தப்பு, உலக சுகாதார நிறுவனமும் அத வேணாம்னுதான் சொல்லுது.

மொழிபெயர்க்குறவங்ககிட்ட எனக்குள்ள கோவம் இதுதான், கொழும்புல உக்காந்து அகராதியப் பாத்து வரிக்கு வரி மாத்திட்டு, அத ஒரு தடவ கூட லயத்துல சத்தமா வாசிச்சுப் பாக்குறதில்ல. இப்ப புதுசா 'காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.'க்கு 'சிக்கலான அதிர்ச்சி'ன்னு ஒண்ணு வந்திருக்கு. அந்த நோய் உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் பதினோராவது பதிப்புல சேத்தது, வருசக்கணக்கா தப்ப முடியாம திரும்பத் திரும்பப் பட்டவங்களுக்கு. சாயங்காலம் கசிப்புக் குடிச்சிட்டு வர்ற அப்பாவோட செருப்புச் சத்தத்துக்கு கட்டிலுக்கடியில போற பன்னெண்டு வயசுப் புள்ள, அவகிட்ட போய் உனக்கு சிக்கல்னு சொல்றதா? சிக்கல் அவகிட்ட இல்லையே. நான் இப்போதைக்கு 'தொடர் உளக்காயம்'னு எழுதிக்கிட்டு வாறேன், இதவிட நல்லது யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.