பெரிய அணி ஏன் முதல் சுற்றிலேயே தோற்கிறது?

ஒரு அணி எந்த ஆட்டத்திலும் வெல்ல 80 சதவீத வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். வலுவான அணிதான். அந்த அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெல்ல எவ்வளவு வாய்ப்பு? 0.8-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள்: 26 சதவீதம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் தொடங்கும் நாக்-அவுட் போட்டியில் கோப்பையைத் தூக்க இப்படி ஆறு முறை வெல்ல வேண்டும். ஒரு தோல்வி போதும், பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நாக்-அவுட் கட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். நான்கில் வென்றவர் முன்னேறுவார். அதே 80 சதவீத அணி அங்கே ஒரு சுற்றைத் தாண்டும் வாய்ப்பு 97 சதவீதம். காரணம் எளிது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம். ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு தலை விழாது. எண்ணிக்கை கூடக் கூடத் திறமைதான் மிஞ்சும்.

கல்லூரிப் போட்டியில் 1985 முதல் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1-ஆம் இடத்து அணி 16-ஆம் இடத்து அணியோடு மோதும். ஆண்கள் போட்டியில் 2018 வரை இப்படி நடந்த 135 ஆட்டங்களையும் 1-ஆம் இடத்து அணிகளே வென்றிருந்தன. அந்த ஆண்டு மார்ச் 16 அன்று 1-ஆம் இடத்து வர்ஜீனியா பல்கலைக்கழகம், 16-ஆம் இடத்து யூ.எம்.பி.சி. என்ற மேரிலாந்து மாநில அணியிடம் 54-74 என்று தோற்றது. பாதி ஆட்டத்தில் 21-21 சமம்!

வர்ஜீனியா அன்று 22 முறை தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்து நான்கை மட்டுமே போட்டது. யூ.எம்.பி.சி. 24-க்கு 12. சராசரியாக 35 சதவீதம் போடும் அணிக்குக்கூட, 22 எறிதலில் நான்கோ அதற்குக் குறைவோ விழும் நாள் ஏறக்குறைய பதினான்கு ஆட்டங்களுக்கு ஒரு முறை வரும். லீக் ஆட்டத்தில் வந்தால் பெரிய இழப்பில்லை. நாக்-அவுட்டில் வந்தால் பருவமே முடிந்துவிடும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேகம். அன்றைய வர்ஜீனியா பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக ஆடிய அணி. பல அணிகள் ஒரு ஆட்டத்தில் சுமார் 70 முறை தாக்கும், வர்ஜீனியா தாக்கியது சுமார் 60 முறைதான். தாக்குதல் குறைந்தால், நாணயத்தைக் குறைந்த முறை சுண்டுவது போலத்தான், அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். பலவீனமான அணிக்கு அது லாபம், பலமான அணிக்கு ஆபத்து. மூன்று புள்ளி எறிதலும் அப்படியே: 35 சதவீத மூன்று புள்ளியும் 52.5 சதவீத இரண்டு புள்ளியும் சராசரியில் சமம், ஆனால் முதலாவதில் ஏற்ற இறக்கம் அதிகம். அதனால் சிறிய அணிகள் தூரத்திலிருந்து நிறைய எறிவது கணக்குத் தெரிந்த செயல்.

அடுத்த ஆண்டும் வர்ஜீனியா அதே பயிற்சியாளர் டோனி பென்னட்டோடு, அதே நிதானத்தோடு வந்தது. பர்டியூ பல்கலைக்கழக அணியைக் கூடுதல் நேரத்தில் வென்றது. ஆபர்ன் பல்கலைக்கழக அணியை 63-62 என்று ஒரே புள்ளியில். இறுதி ஆட்டமும் கூடுதல் நேரம் வரை போனது. 2019 கோப்பை அவர்களுக்குத்தான்.