தொண்டைக்குள் என்ன மேற்பூச்சு?

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் பெரியப்பாவுக்கு இரைப்பு வந்துவிடும். அறுவடை எந்திரம் கிளப்பும் நெல் சுணையே போதும். இந்தத் தை மாதம் மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டு அவரிடம் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் 'தொண்டை மேற்பூச்சுச் சிகிச்சை' என்றிருந்தது. பெரியப்பா கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, இங்க பூசுனா உள்ள இருக்குற இரைப்பு எப்படி அடங்கும்?"

செய்யப்போவது வேறு. லிக்னோகைன் என்ற மரமரப்பு மருந்தைத் தொண்டைக்குள் தெளிப்பார்கள். பிறகு மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கும் மெத்தகோலின் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உள்ளிழுக்கச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று 20 சதவீதம் குறைய எவ்வளவு மெத்தகோலின் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். தொண்டை நரம்பு மரத்திருந்தால் மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்காமல் இருக்குமா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவும்.

பட்ட இடத்திலேயே வேலை செய்யும் இதை ஆங்கிலத்தில் டாப்பிகல் சிகிச்சை என்பார்கள். 'இடம்' என்று பொருள்படும் டோப்போஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தலைப்பைக் குறிக்கும் டாப்பிக்குக்கும் அதே வேர் என்பதால் எந்திர மொழிபெயர்ப்பு 'தலைப்பு மருந்து' என்று துப்புகிறது. எந்திரத்தை விட்டுவிடலாம். மனிதர்கள் எழுதும் மேற்பூச்சைத்தான் என்னால் விட முடியவில்லை.

சொறி சிரங்குக்கு அந்தச் சொல் பொருந்தும். கண்ணில் விடும் சொட்டு மருந்தும் டாப்பிகல்தான். அதை யார் பூசுகிறார்கள்? தொண்டைக்குள் தெளிப்பதில் 'மேல்' எங்கே, 'பூச்சு' எங்கே? அகராதியில் இருக்கிறதே என்பார்கள். அகராதிக்காரர் தோல் களிம்பை மனத்தில் வைத்து எழுதியதை எல்லா உறுப்புக்கும் இழுத்துப் போர்த்துகிறோம். நம் சித்த மருத்துவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! புறமருந்து 32 என்று வகுத்து, பூச்சை அதில் ஒன்றாக மட்டுமே வைத்தார்கள். கண்ணுக்குக் கலிக்கம், மூக்குக்கு நசியம் என்று தனித்தனிப் பெயர் சொன்னார்கள். அப்படியானால் புறமருந்து என்றே சொல்லலாமே என்று கேட்கலாம். மரபுச் சொல்தான், மதிக்கிறேன். ஆனால் இன்றைய நோயாளியின் காதில் 'புறம்' என்பது வெளியே என்றுதான் விழும். பெரியப்பா மறுபடியும் கழுத்தைத் தடவுவார்.

சரியான சொல் எங்கள் வயலிலேயே இருக்கிறது. பூச்சிமருந்துக் கடையில் எந்த விவசாயியும் கேட்பார்: இது தொடு நஞ்சா, ஊடுருவும் நஞ்சா? பட்ட இடத்தில் வேலை செய்வது ஒன்று, பயிர் முழுக்கப் பரவுவது மற்றொன்று. மருத்துவத்துக்கும் இதே பிரிவுதான் வேண்டும். டாப்பிகல் என்பது தொடுமருந்து. உடல் முழுக்க ஓடுவது ஊடுருவு மருந்து. சொட்டு, தெளிப்பு, களிம்பு எல்லாம் முன்னதில் அடங்கும். இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டும் பெரும்பாலும் பட்ட இடத்தில்தான் வேலை செய்கிறது. அதைத் தொடுமருந்து என்று முதலிலேயே சொல்லியிருந்தால், 'ஸ்டீராய்டா, வேண்டவே வேண்டாம்' என்று எங்கள் தெருவில் இன்ஹேலரைப் பரணில் போட்டவர்களில் சிலராவது எடுத்து இழுத்திருப்பார்கள்.

தாளில் மேற்பூச்சை அடித்துவிட்டு, 'தொண்டைக்குள் தெளிக்கும் தொடுமருந்து' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "அப்ப தொண்டை மரத்துப்போயிருக்குமே, எவ்வளவு நேரம் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கேட்டியா?"