தோற்றுக்கொண்டிருந்த அணி எதற்கு ஆள் வாங்கியது?

2021 ஜூலை 10, அமெரிக்காவின் மயாமியில் ஒரு பேஸ்பால் ஆட்டம். மார்லின்ஸ் அணியின் ஜாஸ் சிஸம் ஓங்கி அடித்த பந்து வலதுபக்க எல்லைச் சுவரை நோக்கிப் போகிறது. அட்லாண்டா பிரேவ்ஸின் ரொனால்ட் அகூன்யா பின்னாலேயே ஓடி, சுவரோரம் எம்பிக் குதிக்கிறார். பந்து கிடைக்கவில்லை. இறங்கியபோது வலது முழங்கால் மடங்கிவிட்டது. எழுந்து நடக்கப் பார்த்தவர் மறுபடி உட்கார்ந்துவிட, வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்திருந்தது, அந்த வருஷ ஆட்டம் அத்தோடு சரி. 82 ஆட்டங்களில் 24 ஹோம் ரன் (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்த ஆள் அவர்.

அகூன்யா இருந்தபோதே பிரேவ்ஸ் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. சீசனின் நடுவில் வரும் ஆல்ஸ்டார் இடைவேளையில் 44 வெற்றி, 45 தோல்வி. அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிவட்டத்தில், ஆடிய இன்னொரு பெரிய பேட்டரும் மே மாதத்திலிருந்தே இல்லை. இந்த நிலைமையில் ஜூலையில் ஓர் அணி பொதுவாகக் கடையைக் கட்டிவிடும். மேஜர் லீக் பேஸ்பாலில் ஜூலைக் கடைசி வாக்கில் வரும் ஒரு கெடுவரைதான் அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம் (அந்த வருஷம் அது ஜூலை 30), அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும். அதனால் அந்தக் கெடுவுக்குள் ஒவ்வொரு அணியும் 'நாம் வாங்கப் போகிறோமா, விற்கப் போகிறோமா' என்று முடிவுசெய்தாக வேண்டும்.

பிரேவ்ஸின் ஜெனரல் மேனேஜர் அலெக்ஸ் ஆன்தோபூலஸ் வாங்கினார். ஜூலை 15 அன்று ஷிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பீடர்சன். 30 அன்று ஒரே மூச்சில் ஆடம் டுவால், எடி ரோசாரியோ, ஹோர்ஹே சோலேர். நாலு பேருமே அவுட்ஃபீல்டர்கள், நாலு பேரில் ஒருவர்கூட அந்த வருஷத்து நட்சத்திரம் இல்லை. சோலேரின் பேட்டிங் சராசரி (மட்டை பிடித்ததில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பேஸைப் பிடிக்க வைத்த அடி, என்ற கணக்கு) அப்போது படுமோசமான 0.192, ரோசாரியோ காயப்பட்டோர் பட்டியலில் இருந்தார். நவம்பர் 2 அன்று இந்த அணி வேர்ல்ட் சீரிஸை, அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரை, ஜெயித்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், பாதி அதுதான். மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு அது பந்தாட்டத்தைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில், ஓர் அணி நல்ல அணியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெற்றி தோல்வி எண்ணிக்கையைப் பார்த்தா? அது பாதி பொய் சொல்லும். 10-2 என்று ஜெயிப்பதும் ஒரு வெற்றி, 3-2 என்று ஜெயிப்பதும் ஒரு வெற்றி. ஒரு ரன்னில் முடியும் ஆட்டத்தில் பந்து எந்தப் பக்கம் குதித்தது, அம்பயர் என்ன சொன்னார் என்பதெல்லாம் முடிவை மாற்றிவிடும். அதனால் பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் கணக்குப் பித்தர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு குறுக்குவழி சொன்னார்: அணி எடுத்த மொத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள், அந்த அணி ஜெயிக்க வேண்டிய விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். வர்க்கங்கள் வருவதால் இதற்குப் பிதாகரஸ் சூத்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், முக்கோணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. (இப்போது 2-க்குப் பதில் 1.83 அடுக்கு போடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் சரியாக வருகிறதாம்.) சமப் புள்ளியில் நிற்கும் அணிகளைப் பிரிக்க கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் இருக்கிறதே, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தம்பிக்கு ஜோசியமும் தெரியும். இதுவரை ஜெயித்த கணக்கைவிட இதுவரையிலான ரன் வித்தியாசம்தான் இனி வரப்போகும் ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பிரேவ்ஸுக்கு இதைப் போட்டுப் பார்த்தால்? ஜூலைக் கடைசியில் தோல்விகள் கூடுதலாக இருந்த அந்த அணி, கொடுத்ததைவிட அதிக ரன் எடுத்திருந்தது. அதாவது பட்டியலில் தெரிந்ததைவிட நல்ல அணி, நெருக்கமான ஆட்டங்களை நழுவவிட்ட அணி. சீசன் முடிவில் எடுத்தது 790, கொடுத்தது 656. சூத்திரப்படி சுமார் 95 ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும், ஜெயித்தது 88.

அடுத்தது வாய்ப்புக் கணக்கு. 'பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்று) வாய்ப்பு இத்தனை சதவீதம்' என்று தினமும் ஓர் எண் போடுகிறார்களே, அதைத் தாயம் உருட்டித்தான் எடுக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு அணிகளின் பலத்தைப் பார்த்து 'இவர்கள் ஜெயிக்க 54 சதவீதம்' என்கிற மாதிரி ஓர் எண் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் சீசன் முழுவதையும் ஆயிரக்கணக்கான தடவை ஆடிப் பார்க்கிறார்கள். அதில் எத்தனை தடவை இந்த அணி உள்ளே போனது என்று எண்ணினால் அதுதான் வாய்ப்பு. இதற்கு மான்டே கார்லோ முறை என்று பெயர், சூதாட்ட ஊரின் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வேண்டுமானால் நீங்களே ஒரு தாளில் போடலாம். 58 ஆட்டம் பாக்கி, இரண்டு அணிகளும் ஒரே பலம் என்று வையுங்கள். வெறும் நாணயம் சுண்டுவதாலேயே ஒவ்வோர் அணியின் வெற்றி எண்ணிக்கையும் நாலு அப்படி இப்படி ஆடும் (58-ஐ நாலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.8). இரண்டு அணிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தால் ஆட்டம் இன்னும் பெரிது, 5.4. அப்படியென்றால் நாலு ஆட்டம் பின்தங்கிய அணிகூட ஒன்றும் செய்யாமல் சும்மா ஆடினாலே முன்னால் இருப்பவரைப் பிடிக்க ஏறக்குறைய 23 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிரேவ்ஸ் அந்தச் சமயம் தங்கள் டிவிஷனில் (முதலிடம் பிடிக்கும் அணி பிளேஆஃப் போகும் பிரிவு) முன்னால் நின்ற நியூயார்க் மெட்ஸைவிட நாலைந்து ஆட்டம் பின்னால்தான் இருந்தார்கள்.

இப்போது நாலு ஆளை வாங்குகிறீர்கள். அவர்களால் எத்தனை வெற்றி கூடும்? ரசிகர்கள் பத்து பதினைந்து என்று நினைப்பார்கள். பேஸ்பாலில் ஏறக்குறைய பத்து ரன் சேர்ந்தால்தான் ஒரு வெற்றி. கீழ்மட்ட அணிகள் ஆடும் மைனர் லீகிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளக்கூடிய ஆளைப் பூஜ்யம் என்று வைத்தால், ஒரு சராசரி ஆட்டக்காரர் முழு சீசனுக்கும் சேர்த்து இரண்டு வெற்றிதான் கூட்டுவார். இரண்டு மாதத்துக்கு முக்கால்கூட வராது. அவுட்ஃபீல்டின் மூன்று இடத்தில் இப்படி ஆள் மாற்றினால் சுமார் இரண்டு வெற்றி. அவ்வளவேதான். அதுவும் இங்கே ஏன் வந்தது தெரியுமா? அந்த மூன்று இடத்திலும் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் கிட்டத்தட்ட அந்தப் பூஜ்ய ஆட்கள். நல்ல ஆள் இருக்கும் இடத்தில் இன்னும் நல்ல ஆளைக் கொண்டுவந்தால் லாபம் கொஞ்சம், ஓட்டை விழுந்த இடத்தில் சுமாரான ஆளைப் போட்டாலும் லாபம் அதிகம். எல்லாரும் பெரிய பெயரைத் துரத்திக்கொண்டிருக்கும் வாரத்தில் ஆன்தோபூலஸ் ஓட்டையைப் பார்த்தார், அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

சரி, இரண்டு சொச்சம் வெற்றியால் என்ன ஆகிவிடப் போகிறது? அந்த நாலு ஆட்டப் பள்ளத்தில் 2.15 வெற்றியைப் போட்டுப் பாருங்கள், 23 சதவீதம் 37 ஆகிறது. அதே ஆட்களை 15 ஆட்டம் பின்னால் இருக்கும் அணி வாங்கினால் 0.3 சதவீதம் 0.9 ஆகும், 15 ஆட்டம் முன்னால் இருக்கும் அணி வாங்கினால் 99.7 என்பது 99.9 ஆகும். அதே ஆட்கள், அதே மட்டை. ஒருவருக்கு 14 சதவீதப் புள்ளி, மற்ற இருவருக்கும் ஒன்றுகூட இல்லை. (டிவிஷனில் இவர்கள் இருவரோடு ஃபிலடெல்ஃபியாவும் போட்டியில் இருந்தது, அதைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் கொஞ்சம் இறங்கும், சித்திரம் மாறாது.)

விற்பவர் ஏன் விற்கிறார் என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. சோலேரின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் உள்ளே போகப்போவதில்லை, அவர்களுக்கு சோலேரின் கடைசி இரண்டு மாதம் சீசன் முடிந்த பிறகு கையில் இருக்கும் மாம்பழம் மாதிரி. அட்லாண்டாவுக்கோ அதே இரண்டு மாதம்தான் வேண்டும், அடுத்த வருஷம் வேண்டாம். ஒரே பொருளுக்கு இரண்டு கடையில் இரண்டு விலை. ராயல்ஸுக்கு ஒரு மைனர் லீக் பிட்சர் (பந்து வீசுபவர்) கிடைத்தார், கை குலுக்கிவிட்டார்கள். ரோசாரியோ கதை இன்னும் வேடிக்கை. அவருக்குப் பதிலாக கிளீவ்லாண்டுக்குப் போனவர் பாப்லோ சாண்டவால், வந்த கையோடு கிளீவ்லாண்ட் அவரை விடுவித்துவிட்டது. ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல, ரோசாரியோவின் மிச்சச் சம்பளம் தலையிலிருந்து இறங்கினால் போதும் என்று செய்த வியாபாரம் போலத்தான் தெரிகிறது.

ஆனால் 0.192 அடிக்கும் ஆளை யாராவது வாங்குவார்களா? இங்கேதான் புள்ளியியல் தெரிந்தவர் சிரிப்பார். சோலேர் ராயல்ஸுக்காக 94 ஆட்டங்களில் சுமார் 300 தடவை மட்டை பிடித்திருந்தார். 300 என்பது கேட்கப் பெரிய எண், கணக்குக்குச் சின்ன எண். உண்மையிலேயே 0.240 அடிக்கக்கூடிய ஒருவர் 300 தடவை ஆடினால், அதிர்ஷ்டம் மட்டுமே அவரை 0.215-க்கோ 0.265-க்கோ சாதாரணமாகத் தள்ளிவிடும். நாற்பதில் ஒருவர் 0.192 பக்கம்கூடப் போய்விடுவார். நூற்றுக்கணக்கான பேட்டர்கள் ஆடும் லீகில் ஒவ்வொரு வருஷமும் யாராவது நாலைந்து பேர் அந்தக் குழியில் கிடப்பார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. சோலேர் 2019-இல் 48 ஹோம் ரன் அடித்து, மேஜர் லீகின் ஒரு பாதியான அமெரிக்கன் லீகிலேயே முதலிடம் பிடித்தவர். அதனால் எதிர்காலத்தைக் கணிப்பவர்கள் கடைசி மூன்று மாதத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த சில வருஷங்களைச் சேர்த்து, சமீபத்தியதற்குக் கூடுதல் எடை கொடுத்து, அப்புறம் லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுகிறார்கள். பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகத்தை 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் அளக்கிறார்கள் என்பதால், அடி பலமாக விழுந்தும் பந்து நேராக ஆள் கைக்கே போனதா, அடியே விழவில்லையா என்பதையும் பிரித்துவிடலாம். அட்லாண்டாவில் சோலேர் 55 ஆட்டம் ஆடினார். சராசரி 0.269, ஹோம் ரன் 14. ராயல்ஸுக்கு 94 ஆட்டத்தில் அடித்ததோ 13. இதில் ஒரு விஷயம்: 0.192 உண்மை சோலேர் இல்லை என்றால் 0.269-உம் உண்மை சோலேர் இல்லை. பிரேவ்ஸுக்கு இரண்டாவது பக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6 அன்றுதான் அந்த வருஷம் முதன்முதலாக பிரேவ்ஸின் வெற்றிகள் தோல்விகளைத் தாண்டின. அப்புறம் நிற்கவில்லை. மெட்ஸ் சரிந்து 77 வெற்றியில் முடிந்தது, ஃபிலடெல்ஃபியா 82, பிரேவ்ஸ் 88 வெற்றி 73 தோல்வி (162 வர வேண்டும், ஒரு ஆட்டம் தேவைப்படாததால் ஆடவே இல்லை). அந்த வருஷம் பிளேஆஃப் போன பத்து அணிகளில் இதுதான் ஆகக் குறைந்த வெற்றி. 107 வெற்றி பெற்ற சான் ஃபிரான்சிஸ்கோவும் 106 பெற்ற லாஸ் ஏஞ்சலஸும் இருந்த மேற்கு டிவிஷனில் இவர்கள் இருந்திருந்தால் அக்டோபரில் வீட்டில் உட்கார்ந்து டிவிதான் பார்த்திருப்பார்கள்.

உள்ளே போனபின் கணக்கு வேறு. ஒரு ஆட்டத்தை ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள அணி ஐந்து ஆட்டத் தொடரை ஜெயிக்க 59 சதவீதம், ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்க 61 சதவீதம். பலசாலிக்குக் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். மூன்று தொடரிலும் எதிராளிக்குத்தான் அந்த 55 என்றால்கூட, கோப்பை பதினாறில் ஒரு தடவை உங்களுக்கு வரும். சமபலம் என்றால் எட்டில் ஒரு தடவை. அதனால் ஜூலையில் ஆள் வாங்குவது கோப்பையை வாங்குவது ஆகாது, லாட்டரிக் கடை வாசலுக்குப் போக பஸ் டிக்கெட் வாங்குவது.

பிரேவ்ஸ் மில்வாக்கியை 3-1 என்று தாண்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸை 4-2 என்று சாய்த்த தொடரில் ரோசாரியோ 25 தடவை மட்டை பிடித்து 14 ஹிட். கடைசித் தொடரில் எதிரே ஹூஸ்டன். ஆறாவது ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ், இருவர் பேஸில். சோலேர் அடித்த பந்து இடதுபக்க மேடைகளைத் தாண்டி, அங்கே மேலே போட்டிருக்கும் ரயில் தண்டவாளத்தையும் தாண்டி மைதானத்துக்கு வெளியே போய்விழுந்தது. ஆட்டம் 7-0, கோப்பை பிரேவ்ஸுக்கு. வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது சோலேருக்கு.

அடுத்த வருஷம் சோலேர் மயாமிக்குப் போனார், பீடர்சன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. அகூன்யா திரும்பி வந்தார். 2022-இல் பிரேவ்ஸ் 101 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபின் தங்கள் முதல் தொடரிலேயே 87 வெற்றி பெற்ற ஃபிலடெல்ஃபியாவிடம் 3-1 என்று தோற்றார்கள். 2023-இல் 104 ஜெயித்தார்கள். முதல் தொடரில் எதிரே வந்தது மறுபடியும் ஃபிலடெல்ஃபியா, மறுபடியும் 3-1.